டியூப் சுற்றிய சக்கரம்

சந்தைத் தெரு குண்டும் குழியுமாகக் கிடந்ததால் முட்டை வண்டியின் பாதிச் சரக்கு வழியிலேயே உடைந்துபோகும். பொறுத்துப் பார்த்த வண்டி, ஒருநாள் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தன் இரும்புச் சக்கரங்களில் சுற்றிக்கொண்டது. அதன்பின் ஒரு முட்டைகூட உடையவில்லை.

பக்கத்தில் நிற்கும் தக்காளி வண்டியிடம், "நீயும் சுத்திக்கோ அண்ணே, பழம் நசுங்காது" என்றது.

"நம்ம வண்டிகள்ல எவனாவது இப்படிப் பண்ணியிருக்கானா? போடா, வேலையைப் பாரு!"

முட்டை வண்டி தினமும் சொன்னது. தக்காளி வண்டி தினமும் சாறு ஒழுக நின்றது.

பிறகு ஒரு காலை, தக்காளி வண்டி சத்தமே இல்லாமல் உருண்டு வந்தது. சக்கரங்களில் டியூப்!

"என் மச்சான் கரும்பு வண்டி சொன்னான். நம்ம தெரு வழியா வர்றப்போ அவனுக்கே தோணுச்சாம். சொந்தம்னா இப்படி இருக்கணும்!"

"அண்ணே, முதல்ல என் சக்கரத்தைப் பாரு!" என்று கத்தியது முட்டை வண்டி.

தக்காளி வண்டி பார்த்தது.

"அட, உனக்கும் என் மச்சான்தான் சொன்னானா?"