பீரோவுக்கு அடியில் குதிரை

சதுரங்கப் பெட்டியிலிருந்து தவறி விழுந்த வெள்ளைக் குதிரை ஒன்று பீரோவுக்கு அடியில் கிடந்தது. பேச்சுத் துணைக்கு அங்கே ஒரு சிலந்தி மட்டும்தான்.

அந்த வீட்டுத் தமயந்தி கண்ணைக் கட்டிக்கொண்டு, பலகையும் காயும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே ஆடிப் பழகுகிறவள். இரண்டு பக்கத்து நகர்த்தலையும் அவளே வாய்விட்டுச் சொல்வாள்.

“குதிரை எஃப் மூன்று” என்று குரல் கேட்டால் போதும், தூசிக்குள் கிடக்கும் குதிரை விறைப்பாகிவிடும். அந்தக் கட்டத்துக்குப் போய் நிற்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

“உன்னையா கூப்பிடுறா?” என்றது சிலந்தி.

“என்னைத்தான். எந்தக் கட்டத்துல நிக்கிறேன்னு அவ ஒருநாளும் மறந்ததில்ல.”

“அப்புறம் ஏன் உன்னைத் தேட மாட்டேங்கிறா?”

குதிரை, “ஆட்டம் நடக்குதுல்ல. முடியட்டும்” என்றது.

ஆட்டங்கள் முடிந்துகொண்டேதான் இருந்தன.

ஒருநாள் துடைப்பம் உள்ளே நுழைந்து, சிலந்தி வலையோடு குதிரையையும் வெளியே இழுத்துப் போட்டது.

“இது எப்ப விழுந்துச்சு?” என்று தமயந்தி தனக்குள் கேட்டுக்கொண்டாள். குதிரையைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெட்டிக்குள்ளும் அதே இருட்டு. எங்கே போயிருந்தாய் என்று ஒரு காயும் கேட்கவில்லை.

“குதிரை எஃப் மூன்று” என்றது வெளியே அவள் குரல்.

குதிரை நிமிர்வதற்குள், பக்கத்தில் கிடந்த இன்னொரு வெள்ளைக் குதிரை விறைப்பாகிக்கொண்டு சொன்னது:

“சத்தம் போடாதே. என்னைக் கூப்பிடுறா.”