இருபதுக்கு இருபது

இருபது கேள்வி. அத்தனைக்கும் சின்னமுத்து தட்டாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"கையுறை போடுறனீங்களோ, அண்ணை?"

"போடாம மருந்தத் தொட மாட்டேங்க மிஸ்."

"மருந்து அடிக்கேக்க காத்துக்கு எந்தப் பக்கம் நிப்பீங்கள்?"

"காத்துக்கு முதுகக் காட்டித்தாங்க நிப்பேன்."

கண்டியிலிருந்து ஹந்தானை மலைக்கு ஆராய்ச்சிக்கென்று வந்திருந்த ஞானேஸ்வரி மிஸ், தாளில் சரி, சரி என்று போட்டுக்கொண்டே போனாள். தேயிலைக்குள் புல்லுக்கு மருந்து அடிக்கிற பதினாலு பேருக்கும் பாதுகாப்பைப் பற்றி என்ன தெரியும் என்று பார்க்கத்தான் அந்தத் தாள். என்ன சொல்ல வேண்டும் என்று கங்காணி வீரய்யா முதல் நாளே எல்லாருக்கும் பாடம் எடுத்துவிட்டான். கையுறை இருந்தது, ஆபீஸ் அலுமாரிக்குள். சாவி யாரிடம் என்று மிஸ் கேட்கவில்லை. படித்தவர்களுக்குத் தாள் நிரம்பினால் போதும்.

"வேலை முடிஞ்சு வந்தா, உடுப்பு?"

"வாசல்லயே கழட்டிருவேங்க. உள்ள கொண்டு போறதில்ல. பொஞ்சாதி அன்னைக்கே தொவச்சிரும்."

இது ஒன்றுதான் பொய்யில்லை. போன வருசம் படம் காட்டி வகுப்பு வைத்தார்கள். மருந்து பட்ட உடுப்பை மற்றத் துணியோடு சேர்க்காதே, அன்றன்றே துவை என்றார்கள். அதை மட்டும் அவன் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"இருபதுக்கு இருபது!" என்றாள் மிஸ். "நீங்கள் தான் இங்க ஆகக் கெட்டிக்காரன்."

"மூணாம் வகுப்புல பள்ளிக்கூடத்த விட்டு ஓடுனவன் மிஸ் இவன்," என்றான் வீரய்யா. லயத்து வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் சின்னமுத்துவின் பெண்சாதி வடிவம்மாவும் சிரித்தாள். அவள் பாதியாய் வெட்டின மருந்துக் கேனுக்குள் அவன் சட்டையை ஊறப்போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். முதுகில் கட்டுகிற டேங்கி ஒழுகல். சட்டை ஒரு நாளும் காய்ந்து வந்தது கிடையாது.

மிஸ் சிறுநீர் பிடிக்கிற பதினாலு சின்னப் போத்தல்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது.

"நாளைக்கு விடிய முதல் போற சலத்தைப் பிடிச்சுக் கொண்டு வாங்கோ. மருந்து உடம்புக்குள்ள போயிருந்தா அதில தெரியும்."

அவள் போனதும் வீரய்யா சிரிப்பை நிறுத்தினான். "போத்தல்ல மருந்து இருக்குன்னு வந்துச்சுன்னா, மருந்து வேலையில பேரு இல்ல. கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு மலை ஏற வேண்டியதுதான். சொல்லிப்புட்டேன்."

சின்னமுத்துவின் வலது முழங்கால் மடங்காது. லொறியிலிருந்து விழுந்த கால். சரிவில் நின்று தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட அவனால் ஆகாது. வேலைக்குப் பேர் இல்லாதவனுக்குத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை.

"பதினெட்டு வருசமா இதத்தான சுமக்கிறேன். இல்லாம இருக்குமா ஒடம்புல?" என்று வடிவம்மாவிடம் புலம்பினான்.

"சும்மா மனசப் போட்டு ஒழப்பாதீங்க," என்றாள் அவள்.

விடிந்ததும் போத்தலைத் தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். சூடு ஆறவில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகு அவனுக்குப் பயம் விட்டுப்போனது.

ஆறு வாரம் கழித்து மிஸ் திரும்பி வந்தாள். ஆபீசுக்குப் போகாமல் வீரய்யாவைக் கூட்டிக்கொண்டு நேரே லயத்துக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு தாள்.

"அண்ணை, இருங்கோ. அஞ்சு பேருக்கு அளவுக்கு மேல இருக்கு. உங்கட போத்தல்ல தான் ஆகக் கூட. சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கிட்டுது."

சின்னமுத்து வடிவம்மா பக்கம் திரும்பினான்.

"பயப்படாதேங்கோ. துரையோட கதைச்சிட்டன். மருந்தால வருத்தம் வந்த ஆள் எண்டு நான் எழுதிக் குடுத்தா, ஸ்டோருக்கு வாச்சர் வேலை தாறாராம். இருந்த இடத்தில இருந்து செய்யலாம். காம்பராவும் போகாது."

"அடிச்சதுடா யோகம்!" என்றான் வீரய்யா. "சாகுற வரைக்கும் கதிரையில குந்தலாம்."

"ஆனா நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரோணும்," என்றாள் மிஸ். "பிந்தினா ஒண்டும் செய்யேலாது. உங்கட பேரில ஆம்பிளையள் வார்ட்டில கட்டில் சொல்லி வச்சிட்டன். ஓம் எண்டா இப்பவே எழுதுறன்."

"எழுதுங்க மிஸ்," என்று வடிவம்மா முந்திக்கொண்டாள். "அவரு வருவாரு. நானே அனுப்பி வக்கிறேன். அந்த வாச்சர் வேலைய மட்டும் மறந்துறாம எழுதிருங்க."

சொல்லிக்கொண்டே கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரல் விரலாய்த் தோல் உரிந்த கைகள். சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வருசமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னமுத்து அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் பேனாவைத் திறந்தாள்.

"கட்டில பொம்பளைங்க வார்டுல போடுங்க, மிஸ்."