குங்குமப்பூப் பால்

அந்தந்த வீட்டு முகங்களை வைத்தே சீரியல் காட்டும் டிவி வந்த காலம் அது, கண்ணுகளா. செண்பகவல்லி வீட்டுக் கதையில் மாமியாரான அவள்தான் வில்லி. மருமகள் தேன்மொழிக்கு ஓயாத அழுகை. ஆண்களுக்கு ஆபீஸ் போய்வருவது மட்டுமே வேலை. ஒருநாள் இரவு திரையில் செண்பகவல்லி, கர்ப்பிணி மருமகளின் பாலில் விஷம் கலந்தாள்.

நிஜத்திலும் தேன்மொழிக்கு ஏழு மாதம். மறுநாள் காலையில் செண்பகவல்லி குங்குமப்பூப் பாலை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க அத்தை."

"அடிப் பைத்தியமே! அது டிவி கட்டிவிட்ட கதைடி."

"தெரியும் அத்தை. இருந்தாலும்... எனக்காக."

சிரித்துக்கொண்டே டம்ளரைத் தூக்கினாள் செண்பகவல்லி. உதட்டில் படுமுன் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பாலில் என்ன போட்டோம் என்று பார்க்க அடுக்களைக்கு ஓடினாள்.