தாய்மாமன் வைத்த ஸ்பாஞ்சு

வில்லாபுரத்தில் தமிழ்ச்செல்வியின் வண்ணமீன் கடை இரண்டாம் முறையாகத் திறந்த நாள் அது. முதல்முறை விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் செத்துப்போயிருந்தன. பெரியப்பா அழகுபாண்டி கல்லாவுக்கு எதிரிலும், சித்தப்பாமார் இருவரும் வாசலோரமும், தாய்மாமன் உக்கிரபாண்டி மீனில்லாத தொட்டிக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியப்பா சீர்த்தட்டில் வெள்ளி விளக்கை வைத்தார். உக்கிரபாண்டி ஈரப் பையிலிருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து வைத்தார்.

"என்ன மாப்ள, தாய்மாமன் சீர் இம்புட்டுதானா? கழுவியாச்சும் கொண்டாந்திருக்கலாம்ல!" என்றார் பெரியப்பா.

கடையே சிரித்தது. உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

தமிழ்ச்செல்வி ஸ்பாஞ்சை இரண்டு கையாலும் எடுத்தாள். "மாமா மோதிரந்தான் போடுறேன்னாக. நான்தான் வேணாம்னு இதைக் கேட்டேன் பெரியப்பா. அவுக வீட்டு மீன்தொட்டி ஃபில்டர்ல ரெண்டு வருசமாக் கிடந்தது. மீன் கழிவு விஷத்தை முறிக்கிற நல்ல பாக்டீரியா இதுலதான் இருக்கு. புதுத் தொட்டியில அது இல்லாமத்தான் அம்புட்டு மீனும் செத்துச்சு. குளோரின் போட்ட குழாய்த் தண்ணியில கழுவுனா அதுவும் செத்துரும்."

"அப்ப அழுக்குத்தான் சீரா?" என்றார் பெரியப்பா, குரல் இறங்கி.

தமிழ்ச்செல்வி அதைப் புது ஃபில்டரில் பொருத்தி, நாலே நாலு மீன் விட்டாள்.

மூன்று வாரம் கழித்து உக்கிரபாண்டி வந்தபோது நாலும் நீந்தின. சோதித்த தண்ணீரில் விஷம் துளியும் இல்லை. தமிழ்ச்செல்வி சோழவந்தான் மீன்பண்ணைக்கு, நூறு மீன் கேட்டுக் கடிதம் எழுதி நீட்டினாள்.

"நீங்களே ஒட்டுங்க மாமா."

அவர் உறையை ஒட்டி, சோழவந்தான் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தார்.

"பத்திரம்ணே. எங்க அக்கா மக கடைக் கடுதாசி!"