ஐந்தரையில் பிரேக்

சார்ஜென்ட் மறுபேச்சில்லாமல் ட்ரெய்லரில் ஏறிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவையாவது முரண்டு பிடித்திருக்கலாம்.

பெயருக்குத் தகுந்த குதிரை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும், சத்தம் காட்டாது.

என் வீட்டுக்காரர் ஹார்லன் பின்கதவைத் தாழிட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் இருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வலது கை இன்னும் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்குகிறது. போன மாதம் ஓடைக்கரையில் குதிரை இடறி இவரைக் கீழே போட்டதில் தோள்பட்டை போயிற்று. அன்றைக்கே சொல்லிவிட்டார், இதை விற்றுவிடலாம் என்று.

மொன்டானாவில் இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. இருக்கிற காய்ந்த புல் மாடுகளுக்கே பனிக்காலம் தாண்டாது, சவாரிக்கு ஆகாத கிழத்துக்கு எங்கே போவது என்றார்.

கிழட்டுக் குதிரையை ஏலக்கொட்டகையில் யார் வாங்குவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். எல்லை தாண்டிப் போகிற இறைச்சி லாரிக்காரன்தான் வாங்குவான்.

அழுது பார்த்தேன். சண்டை போட்டுப் பார்த்தேன். சொன்னது சொன்னதுதான் என்றார். சரிதான் போ, இனி உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரமாகிறது.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ட்ரெய்லர் சக்கரங்களில் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அதில் எண் எரியும். பாரத்துக்குத் தகுந்தபடி அதைத் திருகி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைத் தொடும் உரிமை இந்த மனுஷன் ஒருத்தருக்குத்தான்.

சரளைக்கல் பாதையில் என்னை மெதுவாக ஓட்டச் சொன்னார். இடது கையை நீட்டிப் பெட்டியின் பிடியை அழுத்தினார். ட்ரெய்லர் பின்னால் இழுப்பதைத் தலை சாய்த்துக் கேட்டார். கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார், மறுபடி ஓட்டச் சொன்னார்.

இறைச்சிக்குப் போகிற குதிரைக்கு இத்தனை சீராட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அஞ்சரை. தொடாத," என்றார்.

ஐந்து போதும். பிரேக் வெடுக்கென்று பிடித்தால் கிழத்தின் முன்னங்கால் தாங்காது, அந்த அரை அதிகம் என்று நானும் வருஷக்கணக்காகச் சொல்கிறேன். இறக்கத்தில் பிடிக்காது என்பார். பேச்சு இல்லையே, அதனால் அதையும் விழுங்கிக்கொண்டேன்.

ஏலக்கொட்டகையில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி நேரே உள்ளே காபி குடிக்கப் போய்விட்டேன். பின்னால் போய்க் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் இருந்தது. போனால் திரும்பிவரக் கால் வராது.

காபி ஆறிப்போயிற்று. ஏலம் போடுகிறவன் ஒலிபெருக்கியில் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தான். என்ன விற்கிறான் என்று காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஹார்லன் வண்டியில் உட்கார்ந்திருந்தார். ட்ரெய்லர் கதவு சாத்தியிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் சுற்றி வந்து கொக்கி, சங்கிலி எல்லாம் பார்ப்பது எங்கள் வழக்கம். இன்றைக்கு நான் பார்க்கவில்லை. காலி ட்ரெய்லரைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை.

அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லது என்று வண்டியைக் கிளப்பினேன்.

பெரிய டீசல் வண்டி. ஒரு குதிரை ஏறினதும் இதற்குத் தெரியாது, இறங்கினதும் தெரியாது என்று பெருமை பேசுவார். அதனால்தான் பெட்டியில் எரிகிற எண்ணை மாற்ற மறக்கக்கூடாது என்று பாடம் எடுப்பார்.

தற்செயலாகப் பெட்டியைப் பார்த்தேன். ஐந்தரை.

காலியாக இருந்தால் இரண்டுக்கு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக்கை மிதித்ததும் ட்ரெய்லர் சக்கரம் சிக்கிக்கொண்டு, சுழலாமல் ரோட்டில் தேய்த்துக்கொண்டே வரும். போன வருஷம் கன்றுகளை இறக்கிவிட்டு வரும்போது நான் இப்படி மறந்தேன். இரண்டு டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிற்று. அதைத் தீவனக் கடையில் சொன்னார், சர்ச் வாசலில் சொன்னார், தேங்க்ஸ்கிவிங் விருந்தில் என் தங்கை வீட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

இன்றைக்கு ஐயா மறந்துவிட்டார்.

வாயைத் திறக்கவே கூடாது என்று முடிவு கட்டினேன். நெடுஞ்சாலை முனையில் நின்றுதான் போக வேண்டும். அங்கே தேயட்டும், அந்தச் சத்தத்தை இந்த மனுஷன் கேட்கட்டும். சார்ஜென்ட்டுக்காக என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

முனை வந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன்.

டயர் கத்தவில்லை.

வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து ஒழுங்காகக் கோட்டில் நின்றன. நான் காலை எடுக்காமல் காத்திருந்தேன். பின்னால் பலகையில் ஒரு குளம்பு நகர்ந்து ஊன்றுகிற சத்தம் கேட்டது.

ஹார்லன் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"மெதுவா புடி, லியோனா. பின்னால ஆள் நிக்கிறான்."

புல்லுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று நான் கேட்கவில்லை. கண்ணீர் மறைத்தது, ரோடு சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

பிறகு கையை நீட்டி எண்ணை ஐந்துக்கு இறக்கினேன்.

அவர் பார்த்தார். திரும்ப ஏற்றவில்லை.