மெஷின் பொய் சொல்லாது

“இந்த மண்ணுல புல்லு மொளைக்கிறதே பெரிய விஷயம்மா. இதுல பூண்டு வேறயா?”

பாண்டிச்செல்வி மண் சோதனைக்குக் கொடுத்த பையில் மிச்சமிருந்ததைச் சிவமுருகன் மேசைமேல் கொட்டிக் காட்டினார். சிவப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. பூண்டி மலைக்கிராமத்து விதைப்பூண்டுச் சங்கத்தின் மண் ஆலோசகர் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் இந்த வருடம் பாண்டிச்செல்வியின் விதைப்பூண்டு விலைபோகாது.

எதிரே நின்ற பாண்டிச்செல்வி வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். கணுக்கால் வரை அப்பியிருந்த கறுப்புச் சேற்றைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

“எம் மண்ணுல சத்து இல்லன்னு சொன்னா ஒத்துக்கவே மாட்டேங்க.”

மூன்று வருடமாக இதே வீம்பு. ஊரே அவர் சொன்ன பாக்கெட் உரத்துக்கு மாறியாயிற்று. இவள் மட்டும் சுமைக் குதிரைகளுக்குப் பின்னால் சாணிக் கூடையோடு அலைகிறாள். சங்கத்துக்குப் பின்னால் அடிவாரத்து மண்ணை லாரியில் இறக்கி அவர் போட்டிருந்த மாதிரித் தோட்டத்தைக் காட்டியும் மசியவில்லை. அங்கே இந்த வருடம் பூண்டு சோகை பிடித்துக் கிடந்ததற்குப் பனிதான் காரணம் என்பது அவருடைய முடிவு.

“நான் சொல்லலம்மா, மெஷின் சொல்லுது. அதுக்கு நீங்க யாரு, நான் யாருன்னு தெரியாது. புதுசா ஒரு உண்மை தெரிஞ்சா, பழசை விடுறதுக்கு மனசு வேணும்.”

“மெஷினு தப்பே பண்ணாதுங்களா?”

“பண்ணாது.”

“அப்ப, இந்த மண்ணைக் கெடுத்தது யாரு?”

“உரம் போட்டவங்கதான். வேற யாரு?”

“அதை எழுதிக் குடுங்க. வெரசா குடுங்க, சோலி கெடக்கு.”

வீம்பு ஒருவழியாக இறங்கிவிட்டது என்று சிவமுருகனுக்கு உள்ளூரச் சந்தோஷம். ‘தவறாக உரமிட்டதால் பாழான மண்’ என்று மெஷின் தந்த மண் சோதனை அறிக்கையின் நகலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பாண்டிச்செல்வி தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

“நாளைக்குச் சங்கக் கூட்டத்துல இதை வாசிக்கப் போறேங்க. இது எம் மண்ணு இல்ல. உங்க மாதிரித் தோட்டத்துல அள்ளுனது.”

சிவமுருகன் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துச் சிவப்புப் பாத்திகளைப் பார்த்தார். மேசையில் கிடந்த மண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அறிக்கையை இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார்.

“மெஷின்ல ஏதோ கோளாறும்மா.”