ஆள் நடக்கிற வேகத்தில்

வாங்க வந்தவன் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆள் நடக்கிற வேகத்துல போகுமாங்க?" என்று கேட்டான்.

அர்ச்சுனனுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஏழு வருடம் காயலான் கடைகளில் பொறுக்கிச் சேர்த்த வண்டி. ஜீப்பின் சேஸ், அம்பாசடர் இன்ஜின், எந்த வேனிலிருந்தோ கழற்றிய கதவுகள். முகப்பை மட்டும் வெள்ளைக்காரன் காலத்து பிக்கப் போல அவரே தகரம் தட்டிச் செய்திருந்தார். இப்போது உப்பு வேலையை விட்டுவிட்டு இரும்பை கிராமத்தில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். அதனால்தான் விற்கிறார். வேகம் பத்தாது என்று ஏற்கெனவே இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

"நாப்பது வரைக்கும் போகும்பா."

"அதில்லீங்க. மெதுவா, குலுங்காம போகுமா?"

"போகும்."

அந்தோணிராஜ் என்று பெயர் சொன்ன அந்த ஆள் பின்பக்கம் போய்க் கையால் முழம் போட்டான். நாலு முழம். நம்பாதவன் போல மறுபடியும் போட்டான்.

அர்ச்சுனன் உள்ளதைச் சொல்லிவிட்டார். "ஆர்.சி. கிடையாது. மெயின் ரோட்ல ஏறுனா போலீஸ் புடிப்பான். உப்பளத்துக்குள்ளதான் ஓட்டணும்."

"உப்பளத்துக்குள்ளதாங்க போகணும்."

பேரம் பேசவில்லை. கேட்ட பணத்தை அப்படியே நீட்டினான்.

அர்ச்சுனன் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். ஐப்பசி மழை. பாத்தியெல்லாம் தண்ணீர். உப்பு வாரி ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது.

"ஏம்பா, இந்த மழையில என்ன லோடு அடிக்கப் போற?"

அவன் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடகைக்குத்தாங்க கேட்டேன், நாலு எடத்துல. ஒரு தடவ அத ஏத்திட்டா அப்புறம் எவனும் அந்த வண்டியில உப்பு ஏத்த மாட்டான்னு சொல்லிட்டாங்க. சரி, சொந்தமா வாங்கிட்டா யாரு கேக்கப்போறான்னு..."

"எத ஏத்துனா?"

"எங்க அம்மாவங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போயிட்டாங்க." குரல் உடையாமல்தான் சொன்னான். "கல்லறைக்குப் போற வரப்பு முழுக்க சேறு. தூக்கிட்டுப் போனா காலு நிக்காது. ஆஸ்பத்திரி வேன்காரரும் சேத்துல எறங்க மாட்டேன்னுட்டாரு."

 

அர்ச்சுனன் பணத்தை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறினார். தோளில் கிடந்த துண்டை உருவி, பலகையில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.